சிங்கக்குட்டியோடு நடந்த சாம்பியன்: 100 ஆண்டு ஆகியும் ‘ஹால் ஆப் பேம்’ கதவு திறக்காதது ஏன்?

ராஜபாளையம்:

ராஜபாளையம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது நாய்தான். வெள்ளை உடம்பு, ரோஸ் கலர் மூக்கு, நிமிர்ந்த நடை. 2005-ம் ஆண்டு தபால் தலையிலேயே இடம் பிடித்த நாய் அது. சோழபுரம் முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நாயைப் பிடித்துக் கொண்டு கம்பீரமாக நடப்பவரை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை.

ஆனால் சிங்கக்குட்டியைக் கையில் பிடித்துக் கொண்டு ஒருத்தர் கடைத்தெருவில் நடந்தால் எப்படி இருக்கும்? ஊரே திரண்டு விடாதா?

1922-ல் பாரீஸ் நகரத்தில் அப்படித்தான் நடந்தது. தலையில் உயரமான பட்டுத் தொப்பி. உடம்பில் கோட்டு சூட்டு. கையில் சிங்கக்குட்டி. சில நாட்களில் இரண்டு பெரிய வேட்டை நாய்கள். நடந்து போனவர் உலக குத்துச்சண்டை சாம்பியன் பேட்லிங் சிகி. ஆப்பிரிக்க மண்ணில் இருந்து வந்த முதல் கறுப்பின உலக சாம்பியன் இவர்தான்.

அவர் இறந்து 100 ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆனால் அமெரிக்காவில் உள்ள சர்வதேச குத்துச்சண்டை ‘ஹால் ஆப் பேம்’ எனப்படும் புகழ் மண்டபத்தில் அவருக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. அவர் தகுதி உள்ளவரா, இல்லையா? குத்துச்சண்டை ரசிகர்கள் மத்தியில் இந்த வாதம் ஓயவே இல்லை.

ஆற்றங்கரை பையன்

சிகியின் இயற்பெயர் லூயி எம்பாரிக் பால். 1897-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள செனகல் நாட்டின் செயின்ட் லூயி நகரில் பிறந்தார். ராஜபாளையத்தில் பிறந்து சென்னை மாகாண முதல்-அமைச்சராக உயர்ந்த பி.எஸ்.குமாரசாமி ராஜாவை விட ஒரே ஒரு வயதுதான் மூத்தவர். அதாவது நம்ம ஊர் தாத்தா, கொள்ளுத் தாத்தாக்களின் காலத்து ஆள்.

செயின்ட் லூயி ஒன்றும் காடு கிடையாது. செனகல் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள பழமையான துறைமுக நகரம். நம்ம பக்கத்து புதுச்சேரி, காரைக்கால் எப்படி பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்ததோ, அப்படித்தான் அந்த ஊரும். அங்கிருந்து பிரான்ஸ் பாராளுமன்றத்துக்கு ஒரு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் உரிமை கூட இருந்தது. இதை இங்கே சொல்வதற்கு காரணம் உண்டு. பின்னாளில் ஐரோப்பிய பத்திரிகைகள் அவரை காட்டில் இருந்து பிடித்து வந்த ஆள் போலவே எழுதின. ஆனால் அவர் நகரத்தில் பிறந்தவர். பல மொழிகள் பேசத் தெரிந்தவர்.

சின்ன வயதிலேயே பிரான்சுக்குப் போய்விட்டார். எப்படி போனார் என்பதற்கு பல கதைகள் உண்டு. ஒரு நடனக்காரி கூட்டிப் போனார் என்பது அதில் ஒன்று. தெற்கு பிரான்சில் பாத்திரம் கழுவி, எடுபிடி வேலை பார்த்து வளர்ந்தார். வயிற்றுப்பாட்டுக்காக கிடைத்த வேலையை எல்லாம் செய்த பையன், 15 வயதை ஒட்டி குத்துச்சண்டை மேடை ஏறினான்.

போர்க்களத்தில் பதக்கம்

1914-ல் முதல் உலகப்போர் வெடித்தது. சிகி பிரெஞ்சு ராணுவத்தின் காலனிப் படையில் சேர்ந்தார். பயங்கரமான சண்டைகளில் கலந்து கொண்டார். வீரத்துக்காக போர்ச்சிலுவை பதக்கமும் பெற்றார்.

போர் முடிந்து 1919-ல் மறுபடியும் குத்துச்சண்டைக்கு வந்தார். பிரான்ஸ், ஹாலந்து, பெல்ஜியம் என்று ஊர் ஊராகப் போய் சண்டை போட்டார். ஹாலந்தில் ஒரு டச்சுப் பெண்ணோடு குடும்பம் அமைந்தது. குழந்தையும் பிறந்தது. அடுத்த 3 ஆண்டுகளில் அவர் தோற்ற சண்டைகள் மிக மிகக் குறைவு. ஆனாலும் பெரிய மேடை கிடைக்கவில்லை. கூலி மாதிரி சண்டை போட்டுக் கொண்டிருந்தார்.

பிரான்சின் செல்லப்பிள்ளை

அப்போது பிரான்ஸ் நாட்டின் செல்லப்பிள்ளை ஜார்ஜ் கார்பென்டியர். சினிமா நடிகர் மாதிரி அழகு. போரில் விமானப் படையில் பணியாற்றி பதக்கம் வாங்கியவர். 1920-ல் லைட் ஹெவிவெயிட் பிரிவில் உலக சாம்பியன் ஆனார். 175 பவுண்டு, அதாவது சுமார் 79 கிலோ வரை எடை உள்ளவர்களுக்கான பிரிவு இது.

1921-ம் ஆண்டு ஜூலை 2-ந்தேதி அமெரிக்காவில் ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் டெம்ப்சியோடு மோதி கார்பென்டியர் தோற்றார். ஆனாலும் அவர் மவுசு குறையவில்லை. டிக்கெட் வசூல் 10 லட்சம் டாலரைத் தாண்டிய முதல் குத்துச்சண்டை அதுதான்.

சொந்த ஊர் ரசிகர்கள் முன்னால் ஒரு சுலபமான வெற்றி தேவைப்பட்டது. அதற்கு பொருத்தமான ஆளாக சிகியைத் தேர்ந்தெடுத்தார்கள். யாரும் அவருக்கு வாய்ப்பு இருப்பதாக நினைக்கவில்லை.

பாரீசை உலுக்கிய 6-வது ரவுண்டு

1922-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந்தேதி. பாரீஸ் அருகே பபலோ ஸ்டேடியம். பல்லாயிரக்கணக்கான கூட்டம். கேமராக்கள் சுழன்று கொண்டிருந்தன.

ஆரம்ப ரவுண்டுகளில் சிகி தடுமாறினார். கீழே கூட விழுந்தார். கூட்டம் கைதட்டி சிரித்தது. அதன்பிறகுதான் கதையே மாறியது. குனிந்து நெருங்கி, இரண்டு கையையும் வீசி அடிக்க ஆரம்பித்தார் சிகி. கார்பென்டியரின் அழகு முகம் வீங்கியது. ரத்தம் கொட்டியது. 6-வது ரவுண்டில் விழுந்த அடியில் உலக சாம்பியன் சுருண்டு விழுந்தார். எழுந்திருக்கவே முடியவில்லை.

ஆனால் நடுவர் கொடுத்த தீர்ப்பு எல்லோரையும் அதிர வைத்தது. சிகி காலை இடறிவிட்டார், அதனால் கார்பென்டியரே வெற்றி பெற்றார் என்று அறிவித்தார்.

நம்ம ஊர் கபடியில் நடுவர் தப்பாக விசில் ஊதினால் என்ன நடக்கும்? அதேதான் அங்கேயும் நடந்தது. கூட்டம் கொதித்து எழுந்தது. இதில் முக்கியமான விஷயம், சத்தம் போட்டவர்கள் கார்பென்டியரின் ரசிகர்கள்தான். தங்கள் செல்லப்பிள்ளை தோற்றதைக் கண்ணால் பார்த்தவர்கள், பொய்யான வெற்றியை ஏற்க மறுத்தார்கள். சிறிது நேரம் கழித்து நீதிபதிகள் கூடிப் பேசி தீர்ப்பை மாற்றினார்கள். சிகி உலக சாம்பியன் ஆனார்.

அடுத்த நாள் காலையில் பாத்திரம் கழுவிய பையனின் பெயர் உலகம் முழுவதும் பரவி இருந்தது.

தொப்பி, சிங்கம், ஷாம்பெயின்

அதன்பிறகு சிகி வாழ்ந்த வாழ்க்கை தனி ரகம். விதவிதமான சூட்டு. பளபள தொப்பி. ஓட்டல் ஓட்டலாக விருந்து. ஷாம்பெயின் ஆறாக ஓடியது. தெருவில் சிங்கக்குட்டி. நாய்களை வித்தை காட்ட வைக்க வானத்தை நோக்கி துப்பாக்கியால் சுட்டு போலீசில் மாட்டிக் கொண்டதும் உண்டு. கையில் இருந்த காசை வழியில் பார்த்தவர்களுக்கு எல்லாம் வாரிக் கொடுத்தார்.

ஒரு வருடம் முன்னால், 1921-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந்தேதி, இங்கே மதுரையில் காந்தியடிகள் மேலாடையைத் துறந்து அரை வேட்டிக்கு மாறினார். அங்கே சிகி பட்டுத் தொப்பி அணிந்தார். இரண்டும் எதிர் எதிர் துருவம்தான். ஆனால் வெள்ளைக்காரர்கள் இரண்டையும் எரிச்சலோடு பார்த்தார்கள். அடிமை நாட்டுக்காரன் தனக்குப் பிடித்த மாதிரி உடுத்துவதே அவர்களுக்கு ஆகவில்லை.

அந்த நேரத்தில் பாரீசில் வசித்த வியட்நாம் இளைஞர் ஒருவர் சிகியின் வெற்றியைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதினார். பின்னாளில் வியட்நாமின் தந்தை என்று அழைக்கப்பட்ட ஹோ சி மின் தான் அவர். காலனி நாட்டு மக்களுக்கு அந்த 6-வது ரவுண்டு வெறும் விளையாட்டாகத் தெரியவில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

தடை மேல் தடை

வெற்றி பெற்ற 2 மாதத்துக்குள் அடி விழ ஆரம்பித்தது. இந்த முறை மேடைக்கு வெளியே.

வேறொரு வீரருக்கு உதவியாளராக மேடை அருகே நின்றபோது ஒருவரை அடித்ததாக சிகி மீது புகார் வந்தது. பிரெஞ்சு குத்துச்சண்டை சம்மேளனம் அவரை சஸ்பெண்ட் செய்தது. பிரான்சில் அவர் சண்டை போட முடியாத நிலை.

அப்போதுதான் சிகி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். கார்பென்டியருடன் நடந்த சண்டை முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டது என்றும், தான் தோற்றுப் போக ஒப்புக் கொண்டு, மேடையில் மனம் மாறி விட்டதாகவும் சொன்னார். செனகலில் இருந்து பிரான்ஸ் பாராளுமன்றத்துக்குத் தேர்வான பிளெய்ஸ் டியாக்னே இந்த விவகாரத்தை சபையிலேயே எழுப்பினார். ஒரு குத்துச்சண்டைக்காரருக்காக பாராளுமன்றத்தில் பெரும் பரபரப்பு. விசாரணை நடந்தது. ஆனால் புகார் நிரூபணம் ஆகவில்லை.

இங்கிலாந்திலும் கதவு மூடியது. 1922 டிசம்பரில் லண்டனில் ஜோ பெக்கெட் என்ற வெள்ளைக்கார வீரருடன் சிகி மோதுவதாக இருந்தது. பிரிட்டிஷ் உள்துறை அந்த சண்டைக்கு தடை விதித்தது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் கோடிக்கணக்கான கறுப்பு, மாநிற மக்கள் இருக்கிறார்கள். வெள்ளைக்காரனை ஒரு கறுப்பர் மேடையில் வீழ்த்துவது நல்லதல்ல என்பதே அதன் உள்ளர்த்தம். அந்த கோடிக்கணக்கான மக்களில் நம்ம தாத்தாக்களும் அடக்கம்.

டப்ளினில் பறிபோன பட்டம்

பிரான்சிலும் முடியாது, இங்கிலாந்திலும் முடியாது என்ற நிலையில் அயர்லாந்தில் ஒரு வாய்ப்பு வந்தது. எதிராளி மைக் மெக்டீக். அயர்லாந்தில் பிறந்தவர். சண்டை நடக்கும் இடம் அயர்லாந்து தலைநகர் டப்ளின். தேதி மார்ச் 17. அயர்லாந்து மக்களின் மிகப்பெரிய திருநாளான செயின்ட் பேட்ரிக் தினம்.

இன்று எந்த சாம்பியனும் இப்படி ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டார். எதிராளியின் நாட்டில், எதிராளியின் திருநாளில், அந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால் பட்டத்தைப் பணயம் வைப்பதா?

அப்போது அயர்லாந்தில் உள்நாட்டுப் போர் வேறு நடந்து கொண்டிருந்தது. அரங்கத்தைச் சுற்றி ராணுவ காவல். பக்கத்தில் குண்டு வெடித்தது. அந்த சூழ்நிலையிலும் 1923-ம் ஆண்டு மார்ச் 17-ந்தேதி லா ஸ்கலா தியேட்டரில் சண்டை நடந்தது. முழுதாக 20 ரவுண்டு. இன்றைய உலகப் பட்டச் சண்டையே 12 ரவுண்டுதான் என்பது குறிப்பிடத்தக்கது. முடிவில் புள்ளிக் கணக்கில் மெக்டீக் வென்றதாக அறிவிக்கப்பட்டது.

6 மாதத்துக்கும் குறைவான நாட்களே சிகி சாம்பியனாக இருந்தார்.

நியூயார்க்கில் முடிந்த கதை

1923-ல் சிகி அமெரிக்கா போனார். அங்கே நிறவெறி இன்னும் மோசம். பயிற்சி குறைந்தது. குடி கூடியது. அந்த ஆண்டு நவம்பரில் கிட் நார்போக் என்ற சிறந்த கறுப்பின வீரரிடம் தோற்றார். 1925 மார்ச்சில் பால் பெர்லன்பாக்கிடம் தோற்றார். தெருச்சண்டை, கைது, கோர்ட்டு என்று பெயர் கெட்டது. அவரை நாட்டை விட்டே அனுப்ப அதிகாரிகள் நடவடிக்கை எடுத்தார்கள். கையில் இருந்த பணமும் கரைந்தது.

1925-ம் ஆண்டு டிசம்பர் 15-ந்தேதி அதிகாலை. நியூயார்க் நகரின் 41-வது தெரு. ரவுடிகள் நிறைந்த பகுதி. ரோட்டில் ஒருவர் பிணமாகக் கிடந்தார். முதுகில் 2 துப்பாக்கிக் குண்டுகள். கிட்ட போய்ப் பார்த்தால், முன்னாள் உலக சாம்பியன் பேட்லிங் சிகி!

அவருக்கு வயது வெறும் 28.

கொலைக்காக யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. நியூயார்க்கிலேயே அடக்கம் செய்தார்கள். அவரை சொந்த ஊரான செயின்ட் லூயி மறக்கவில்லை. 1993-ம் ஆண்டு அவரது எலும்புகள் தோண்டி எடுக்கப்பட்டு செனகலுக்குக் கொண்டு செல்லப்பட்டன. 68 வருடம் கழித்து அந்தப் பிள்ளை வீடு திரும்பினான்.

மண்டபத்தில் யார் யார்?

சர்வதேச குத்துச்சண்டை புகழ் மண்டபம் நியூயார்க் மாநிலத்தில் கனஸ்டோட்டா என்ற சிறிய ஊரில் உள்ளது. ஊரைப் பார்த்தால் நம்ம சோழபுரம் மாதிரி சின்ன ஊர்தான். 1989-ல் திறக்கப்பட்டது. 1990 முதல் வீரர்களைத் தேர்வு செய்து வருகிறார்கள். குத்துச்சண்டை எழுத்தாளர்களும், வரலாற்று ஆய்வாளர்களும் ஓட்டுப் போடுகிறார்கள். பழைய காலத்து வீரர்களுக்கு தனிப் பிரிவே உண்டு.

சிகியிடம் அடி வாங்கி விழுந்த கார்பென்டியர் 1991-லேயே உள்ளே போய்விட்டார். சிகியை வென்ற பெர்லன்பாக் 2001-லும், கிட் நார்போக் 2007-லும் உள்ளே போனார்கள். சிகி மட்டும் வெளியே.

வேண்டாம் என்பவர்கள் சொல்லும் காரணங்களை அப்படியே தள்ளிவிட முடியாது. சாம்பியனாக இருந்தது 6 மாதம் கூட இல்லை. பட்டத்தை ஒரு தடவை கூட தக்க வைக்கவில்லை. அமெரிக்காவில் பெரிய வீரர்களிடம் தோற்றார். ஒரே ஒரு நாள் வெற்றியை வைத்து மண்டபத்தில் சிலை வைக்க முடியுமா? இது அவர்கள் கேள்வி.

நியாயமான கேள்விதான். ஆனால் அதே அளவுகோல் மற்றவர்களுக்கும் வைக்கப்பட்டதா?

மேக்ஸ் பேர் என்ற அமெரிக்க வீரரை எடுத்துக் கொள்ளுங்கள். 1934 ஜூனில் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். 1935 ஜூனில், முதல் தடவை பட்டத்தைக் காக்க இறங்கியபோதே தோற்றார். அவரும் ஆட்டம், பாட்டம், கேலி, கிண்டல் என்று வாழ்ந்தவர்தான். 1995-ல் மண்டபத்தில் இடம் கொடுத்தார்கள்.

சுவீடன் நாட்டு இங்கெமார் ஜோஹன்சன், 1959-ல் பிளாய்ட் பேட்டர்சனை வீழ்த்தி சாம்பியன் ஆனார். அடுத்த ஆண்டே அதே பேட்டர்சனிடம் பட்டத்தை இழந்தார். 1961-ல் மறுபடியும் தோற்றார். அவருக்கு 2002-ல் இடம் கிடைத்தது.

இவர்கள் இருவருமே பட்டத்தை ஒரு தடவை கூட தக்க வைக்காதவர்கள். அவர்களுக்குத் திறந்த கதவு சிகிக்கு மட்டும் ஏன் திறக்கவில்லை?

பகட்டுதான் பிரச்சினையா என்றால் அதுவும் இல்லை. இங்கிலாந்தின் நசீம் ஹமீது மேடைக்கு வரும் விதமே ஒரு திருவிழா. பறக்கும் கம்பளத்தில் கூட வந்திருக்கிறார். அவருக்கு 2015-ல் இடம். விதவிதமான வேஷத்தில் மேடை ஏறிய ஹெக்டர் கமாச்சோவுக்கு 2016-ல் இடம். அவரும் சிகி மாதிரியே துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானவர்.

கணக்கில் வராத கணக்கு

சிகியின் ரெக்கார்டை மட்டும் பார்ப்பவர்கள் ஒன்றை மறந்து விடுகிறார்கள். சாம்பியனாக இருந்த அந்த 6 மாதத்தில் பிரான்சில் சஸ்பெண்ட். இங்கிலாந்தில் தடை. பணம் சம்பாதிக்கவும், பட்டத்தைக் காக்கவும் வழி இல்லாமல் செய்துவிட்டு, ஏன் பட்டத்தைக் காக்கவில்லை என்று கேட்டால் எப்படி? கையைக் கட்டிப் போட்டுவிட்டு ஏன் அடிக்கவில்லை என்று கேட்பது மாதிரிதான் இது.

இன்னொன்று. சிகியும் கார்பென்டியரும் இருவருமே போரில் பதக்கம் வாங்கியவர்கள். ஆனால் ஒருவர் தேசிய வீரர். இன்னொருவர் பத்திரிகைகளுக்கு காட்டுமிராண்டி. மேக்ஸ் பேர் கூத்தடித்தால் அது கலகலப்பு. சிகி கூத்தடித்தால் அது காட்டுத்தனம். சிகியைப் பற்றி வெளிவந்த பல கதைகள் அந்தக் காலத்து பத்திரிகைகள் ஊதிப் பெருக்கியவை என்பதை 2006-ல் வெளியான பீட்டர் பென்சனின் வாழ்க்கை வரலாற்று நூல் விரிவாக எடுத்துக் காட்டியது.

அவர் குடித்தார், சண்டை போட்டார், பணத்தைத் தொலைத்தார் என்பதெல்லாம் உண்மை. அதை மறைக்க வேண்டியது இல்லை. புகழ் மண்டபம் நல்லொழுக்கப் பரிசு கொடுக்கும் இடமும் இல்லை. மேடையில் என்ன செய்தார் என்பதுதான் கேள்வி. உலக சாம்பியனாக இருந்த, மண்டபத்தில் முதல் வரிசையில் இருக்கும் ஒருவரை, அவரது சொந்த ஊரில், நடுவரே எதிராக நின்ற நிலையில் நாக் அவுட் செய்தவர் சிகி. அதைச் செய்த முதல் ஆப்பிரிக்கக் கறுப்பர் அவர். அவருக்குப் பிறகுதான் அந்தக் கண்டத்தில் இருந்து எத்தனையோ சாம்பியன்கள் வந்தார்கள்.

இங்கேயும் ஒரு பாடம்

வடசென்னையில் பரம்பரை பரம்பரையாக குத்துச்சண்டை போட்டவர்கள் எத்தனையோ பேர். 2021-ல் சார்பட்டா பரம்பரை படம் வரும் வரை பல இளைஞர்களுக்கு அந்த வரலாறே தெரியாது. முகமது அலி 1980-ல் சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் ஆடியது ஞாபகம் இருக்கும் அளவுக்கு, நம்ம ஆட்களின் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. எழுதி வைக்காதவனுக்கு மண்டபம் கிடைப்பதில்லை. எதிரி எழுதி வைத்தால் அதுவே வரலாறாகி விடுகிறது. சிகிக்கு நடந்தது இதுதான்.

1922-ல் பாரீஸ் ரசிகர்கள் தப்பான தீர்ப்பைக் கேட்டதும் வீட்டுக்குப் போகவில்லை. நின்று சத்தம் போட்டார்கள். தீர்ப்பு மாறியது. தங்கள் ஆள் தோற்றாலும் பரவாயில்லை, ஜெயித்தவன் கையைத் தூக்கு என்றார்கள்.

கனஸ்டோட்டாவில் ஓட்டுப் போடுபவர்கள் செய்ய வேண்டியதும் அவ்வளவுதான். அன்றைக்கு அந்த ரசிகர்கள் அரங்கத்திலேயே கொடுத்த தீர்ப்பை, 100 ஆண்டு தாமதமாகவாவது பதிவு செய்ய வேண்டும்.